வங்கி தரும் கடனும் தம்பதியர் தாங்கும் கடனும்

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பம் வீடு கட்ட முடிவு செய்ததும் முதலில் போய் நிற்கும் இடம் வங்கி. சம்பளச் சீட்டு, கணக்கு விவரம், சிபில் மதிப்பெண் எல்லாம் பார்த்துவிட்டு அங்கே ஒரு தொகையைச் சொல்கிறார்கள். அது காதில் விழுந்த நிமிடத்தில், "நம்மால் கட்ட முடியுமா?" என்று தொடங்கிய பேச்சு "எத்தனை சதுர அடி கட்டலாம்?" என்று திரும்பிவிடுகிறது. முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. தன் பணம் திரும்பி வருமா என்பதை மட்டும்தான் வங்கி கணித்திருக்கிறது.

விட்டுப்போன அந்த முதல் கேள்வியைத்தான் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. வீட்டுச் செலவை ஒரு குடும்பம் தாங்குமா என்று பார்க்க இன்று புழங்கும் அளவுகோல்கள் எவை? அவை எதைப் பார்க்கின்றன, எதை விட்டுவிடுகின்றன? தமிழ்நாட்டின் நடுத்தரத் தம்பதி கையெழுத்துப் போடும் முன் என்ன கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்?

பேச வசதியாக ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். இடம் திருச்சி புறநகர். கணவர் கையில் வாங்கும் சம்பளம் 48,000 ரூபாய், மனைவி வாங்குவது 37,000. இரண்டும் சேர்ந்து 85,000. பள்ளிக்குப் போகும் ஒரு குழந்தை, ஊரில் வயதான பெற்றோர், 10,000 ரூபாய் வாடகை, ஒரு பைக் கடன். மூன்று சென்ட் அங்கீகார மனை ஏற்கெனவே இருவர் பெயரிலும் இருக்கிறது. அதன்மேல் கடன் இல்லை. சேமிப்பு 12 லட்சம். 1,000 சதுர அடியில் இரண்டு படுக்கையறை வீடு கட்ட ஆசை.

விகிதங்கள் சொல்லும் பதில்

வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்குமேல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது உலகம் முழுக்கப் பரவிய அளவுகோல். 1969இல் அமெரிக்காவின் புரூக் சட்டத்திருத்தம், அரசுக் குடியிருப்புகளின் வாடகை குடும்ப வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. 1981இல் அது 30 சதவீதமாக உயர்ந்தது. ஏழைகள் கொடுக்கும் வாடகைக்காக எழுதப்பட்ட அந்த எண், காலப்போக்கில் கடன் வாங்கி வீடு வைத்துக்கொள்வோருக்கும் பொதுவிதியாகிவிட்டது. இந்தியாவில் 2008இல் தீபக் பரேக் தலைமையில் அமைந்த உயர்மட்டப் பணிக்குழுவும் இதே வழியில் சென்றது. மாதத் தவணை வருமானத்தில் 30 முதல் 40 சதவீதத்துக்குள், வீட்டின் விலை ஆண்டு வருமானத்தைப் போல் நான்கைந்து மடங்குக்குள் என்பது அது காட்டிய எல்லை.

வங்கிகளின் கணக்கு இன்னும் தாராளம். பழைய கடன் தவணைகளும் புதிய தவணையும் சேர்ந்து கைச்சம்பளத்தில் பாதிக்குள் இருந்தால் பெரும்பாலும் கடன் தருகிறார்கள். சம்பளம் கூடினால் அந்த வரம்பையும் கூட்டுகிறார்கள். நம் தம்பதிக்கு 85,000இல் பாதி 42,500. பைக் தவணை 4,500 போக மீதி 38,000. வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். ஆக, வங்கியின் கண்ணில் இவர்கள் ஏறத்தாழ 44 லட்சம் வாங்கத் தகுதியானவர்கள்.

இந்த முறைக்கு எதிர்வாதமும் பழையதுதான். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஸ்டோன் 1993இல் எழுதிய 'ஷெல்டர் பாவர்ட்டி' நூலில், வீட்டுச் செலவு போக மிஞ்சும் பணத்தில் மற்ற தேவைகள் நடக்குமா என்று பார்ப்பதே சரியான அளவு என்றார். ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்று பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறது, இன்னொன்று அனுப்பவில்லை என்றால், இரண்டுக்கும் 30 சதவீதம் ஒன்றாகாது. கூட்டுக் குடும்பம் கலைந்தாலும் அதன் கடமைகள் கலையாத நம் ஊருக்கு இந்த வாதம் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

சதுர அடி விலைக்கு வெளியே

மிஞ்சும் பணத்தைக் கணக்கிடும் முன் வீட்டின் உண்மையான செலவு தெரிய வேண்டும். தவறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ஒப்பந்ததாரர் சதுர அடிக்கு 2,400 ரூபாய் சொல்கிறார் என்று வைப்போம். 1,000 சதுர அடிக்கு 24 லட்சம். "இருபத்துநாலு லட்சத்தில் வீடு" என்று சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாகிவிடும். ஆனால் அந்த விலைக்குள் வராதவை நிறைய. நம் உதாரணத்தில் அவற்றை இப்படிப் போடலாம்:

ஒப்பந்த விலை: 24,00,000
காம்பவுண்டுச் சுவர், கேட், போர்வெல், சம்ப், செப்டிக் டேங்க்: 3,50,000
வரைபடம், பிளான் அனுமதி, தொழிலாளர் நல நிதி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு: 1,25,000
சமையலறை அலமாரி, கப்போர்டு, மின்விசிறி, விளக்கு: 2,50,000
எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம்: 3,12,500
கிரகப்பிரவேசம், வீடு மாறும் செலவு: 1,50,000

கூட்டினால் 35,87,500. அதாவது 24 லட்சம் என்று பேசிய வீடு 36 லட்சத்தில் வந்து நிற்கிறது, ஒன்றரை மடங்கு. ஊருக்கு ஊர் விலை மாறும். சில ஒப்பந்ததாரர்கள் சம்ப்பையும் செப்டிக் டேங்கையும் தங்கள் விலைக்குள்ளேயே சேர்ப்பார்கள். அதனால் சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், அதற்குள் எது வரும், எது வராது என்று எழுதி வாங்க வேண்டும். மாடிப்படி அறையும் சிட் அவுட்டும் முழுப் பரப்பாகக் கணக்கிடப்படுமா, சம்ப் எத்தனை லிட்டர், டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை, கம்பி எந்த பிராண்ட் என்பவை பேச்சில் இருந்தால் போதாது. ஒப்பந்தத் தாளில் இருக்க வேண்டும்.

மண்ணும் செலவைத் தீர்மானிக்கும். கோவை, மதுரை, விருதுநகர்ப் பகுதிகளில் உள்ள கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அங்கே சாதாரண அஸ்திவாரம் போதாமல் பைல் அஸ்திவாரம் போட நேரலாம். பள்ளமான மனையில் மண் நிரப்பும் செலவு தனி. மண் பரிசோதனைக்கு ஆகும் சில ஆயிரங்களை மிச்சப்படுத்திவிட்டு, அஸ்திவாரக் குழியில் லட்சங்களை இறக்குவது வீண்.

பத்து சதவீத எதிர்பாராச் செலவு எதற்கு என்று கேட்கலாம். 1,000 சதுர அடிக்குத் தோராயமாக 400 மூட்டை சிமெண்டும் 4 டன் கம்பியும் பிடிக்கும். சிமெண்ட் மூட்டைக்கு 50 ரூபாயும் கம்பி கிலோவுக்கு 5 ரூபாயும் ஏறினால் கூடுதல் செலவு 40,000. தரைக்கு 50 ரூபாய் டைல்ஸ் என்று பேசியிருந்த தம்பதி கடையில் 90 ரூபாய் டைல்ஸைப் பிடித்துப்போய் எடுத்தால் அதுவும் 40,000தான். சிமெண்ட் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்த வரிக் குறைப்பில் கிடைத்ததை ஒரு பால்கனி விழுங்கிவிடும். சந்தை விலையைவிட, நடுவில் மாறும் வரைபடமும் கடையில் மாறும் மனமும்தான் பட்ஜெட்டை அதிகம் உடைக்கின்றன.

கைப்பணம் எவ்வளவு

வீட்டின் மதிப்பு முழுவதையும் வங்கி கடனாகத் தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்குமேல் 75 சதவீதம். இவை உச்ச வரம்புகள். வங்கி இதற்குக் குறைவாகவும் தரலாம். எஸ்டிமேட்டில் இடம்பெறாத கப்போர்டும் கிரகப்பிரவேசமும் நம் கையிலிருந்துதான் போக வேண்டும். நம் தம்பதிக்குக் கடனாக 24 லட்சம் கிடைக்கிறது என்று கொண்டால், மீதி 12 லட்சம் கைப்பணம். சேமிப்பும் சரியாக 12 லட்சம். அடுத்த மாத மருத்துவச் செலவுக்குக்கூட ஒன்றும் மிஞ்சாது.

அந்தப் பணமும் முதலிலேயே தேவைப்படும். வங்கி கடனைக் கட்டம் கட்டமாகத்தான் விடும். பேஸ்மெண்ட் முடிந்ததும் கொஞ்சம், லிண்டல் மட்டத்தில் கொஞ்சம், தளம் போட்டதும் கொஞ்சம், பூச்சு வேலையில் மீதி. ஒவ்வொரு கட்டத்தையும் கட்டிக் காட்டிய பிறகே பணம் வரும். இந்த இடைவெளியில்தான் கைமாற்றும் நகைக்கடனும் உள்ளே வருகின்றன. மனைவியின் நகையை அடகு வைத்துத் தளம் போடுவது நம் ஊர் வழக்கம். அதைச் 'சொந்தப் பணம்' என்று கணக்கில் எழுதுவதுதான் கோளாறு. அடகு வைத்த நகையும் கடன்தான். அதற்கும் வட்டி ஓடுகிறது. கைப்பணத்தில் ஒரு பங்கு கடனாக இருந்தால், அந்தக் குடும்பம் ஒரே வீட்டுக்கு இரண்டு கடன் கட்டுகிறது என்றே எழுத வேண்டும்.

மாதம் மிஞ்சுவது

நம் தம்பதியின் மாதச் செலவைப் பட்டியலிடுவோம். மளிகை, காய்கறி, பால் 16,000, பெற்றோருக்கு 8,000, பள்ளி 7,000, பெட்ரோலும் பஸ்ஸும் 5,000, மின்சாரம், கேஸ், போன் 4,000, மருத்துவமும் காப்பீடும் 5,000, சீட்டு, பண்டிகை, சீர், மொய் 6,000, பைக் தவணை 4,500, சில்லறைச் செலவு 5,000. மொத்தம் 60,500. வாடகையைச் சேர்க்காமல் பார்த்தால் 85,000இல் மிஞ்சுவது 24,500.

24 லட்சத்துக்குத் தவணை சுமார் 20,830. வருமானத்தில் 25 சதவீதம்கூட வரவில்லை. பரேக் குழுவின் வரம்பில் தேர்ச்சி, வங்கியின் வரம்பில் முதல் வகுப்பு. கட்டும் செலவும் ஆண்டு வருமானத்தைப் போல் மூன்றரை மடங்குதான். ஆனால் மிஞ்சும் கணக்கில் மாதக் கடைசியில் நிற்பது 3,670 ரூபாய். வங்கி தகுதி சொன்ன 44 லட்சத்தை வாங்கியிருந்தால் மாதம் 13,500 ரூபாய் துண்டு விழும். பெற்றோருக்கு அனுப்புவதையும் பள்ளிக் கட்டணத்தையும் கைவிட்டால்தான் அதைச் சரிக்கட்ட முடியும்.

தவணைக் காலம் பற்றியும் ஒரு வார்த்தை. 20 ஆண்டில் 24 லட்சத்துக்குத் திருப்பிக் கட்டுவது ஏறத்தாழ 50 லட்சம். அதே கடன் 15 ஆண்டென்றால் தவணை 23,630, மொத்தம் 42.5 லட்சம். மாதம் 2,800 கூடக் கட்டினால் 7 லட்சத்துக்குமேல் மிச்சம். ஆயினும் நெருக்கடியில் இருக்கும் குடும்பம் 20 ஆண்டையே எடுத்துக்கொண்டு, போனஸ் வரும்போது அசலில் கட்டுவது பாதுகாப்பு. தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது.

மூன்று நெருக்கடிகள்

மேலே பார்த்தது குடியேறிய பிறகு வரும் சாதாரண மாதம். தாங்குவார்களா என்பது நெருக்கடி மாதத்தில்தான் தெரியும்.

முதலாவது, கட்டிக்கொண்டிருக்கும் காலம். வீடு முடியும்வரை வாடகையும் ஓடும், வங்கி விட்ட தொகைக்கு வட்டியும் ஓடும். பாதிக் கடன் வந்த நிலையில் மாத வட்டி 8,500. முழுதும் வந்துவிட்டால் 17,000. வாடகையோடு சேர்த்து 27,000. மிஞ்சும் 24,500ஐ இது தாண்டிவிடுகிறது. மேஸ்திரி வேறு வேலைக்குப் போய், டைல்ஸ் ஆள் வராமல் கடைசிக் கட்டம் நான்கு மாதம் இழுத்தால், தாமதத்துக்கு மட்டும் 1,08,000 ரூபாய் போகும்.

இரண்டாவது, வட்டி ஏற்றம். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. 2022 மே மாதத்துக்குமுன் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமானது. 2025இல் படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25 ஆனது. இறங்கியது மறுபடி ஏறாது என்று யாரும் உறுதி தர முடியாது. நம் தம்பதியின் வட்டி 8.5இலிருந்து 10.5 ஆனால் தவணை 23,960. கையில் மிஞ்சுவது 540 ரூபாய். தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டிக்கொள்ளலாம் என்றாலும் வழியில்லை. கடன் தொடக்கத்தில் இப்படி நடந்தால் 24 லட்சத்துக்கு மாத வட்டியே 21,000. பழைய தவணை 20,830 வட்டிக்கே போதாது, அசல் வளரும். வட்டி மாறும்போது தவணையையோ காலத்தையோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடனாளிக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது இத்தகைய நிலைமைகளைப் பார்த்துத்தான்.

மூன்றாவது, ஒரு சம்பளம் நிற்பது. இரண்டாவது குழந்தை, மாமியாரின் படுக்கை நோய், கம்பெனியில் ஆட்குறைப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வேலையை விடுவது பெரும்பாலும் மனைவியாகத்தான் இருக்கிறது என்பது நம் குடும்பங்களின் நடப்பு. செலவைச் சுருக்கி 42,500க்குக் கொண்டுவந்தாலும், கணவர் சம்பளத்தில் மிஞ்சுவது 5,500. தவணைக்கு மாதம் 15,300 குறையும். ஆறு மாதம் சமாளிக்க 92,000 ரூபாய் வேண்டும், சேமிப்பிலோ ஒன்றுமில்லை. தொடர்ந்து 90 நாளுக்குமேல் தவணை நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடனாகிவிடும். பிறகு 2002ஆம் ஆண்டு சர்பாசி சட்டப்படி 60 நாள் அவகாச நோட்டீஸ் கொடுத்து, வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். கூட்டுக் கடனில் இருவருமே முழுத் தொகைக்கும் பொறுப்பு. "என் பங்கு பாதிதான்" என்ற வாதம் செல்லாது.

ஆக, விகிதங்கள் எல்லாவற்றிலும் தேறிய 1,000 சதுர அடி வீடு இந்த மூன்று சோதனைகளில் ஒன்றில்கூட நிம்மதியாகத் தேறவில்லை.

அரசும் வரியும்

வரிச் சலுகையை நம்பிக் கடன் வாங்கிய காலம் ஏறக்குறைய முடிந்தது. சொந்தக் குடியிருப்புக்கான கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிக்கும் சலுகை பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு. புதிய முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வரியே இல்லை. நம் தம்பதி போன்றவர்களுக்கு வீட்டுக் கடனால் மிச்சமாகும் வரி பூஜ்யம்.

நகர்ப்புறப் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0இல் வட்டி மானியம் உண்டு. 25 லட்சம் வரையிலான கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம், அதிகபட்சம் 1.80 லட்சம். ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்தைத் தாண்டக் கூடாது. நம் தம்பதி 10.2 லட்சம் வாங்குவதால் வெளியே நிற்கிறார்கள். தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் ஊரகக் குடிசைவாசிகளுக்கானது. 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறது. இடைநிலையில் இருக்கும் குடும்பம் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பலருக்கும் பயன்படும் ஒரு சலுகை பணமாக இல்லாமல் காலமாக வந்தது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டுவோர் சுயசான்று முறையில் இணையவழி உடனடி அனுமதி பெறலாம்.

மனையும் பத்திரமும்

இந்தக் கணக்கு முழுவதும் மனை கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டது. மனையை வாங்கியாக வேண்டியவர்கள் அதன் விலையோடு, தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்க்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் மதிப்புக்குட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். வங்கிக் கடன் வேண்டுமானால் அங்கீகார மனை, தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

மாமனார் பெயரிலோ மூத்தவர் பெயரிலோ உள்ள நிலத்தில் தம்பதி தங்கள் பணத்தில் வீடு கட்டுவதும் நிறைய நடக்கிறது. நிலத்துக்குச் செலவில்லை என்பதால் தாங்குவது போலத் தெரியும். நாளை பாகப்பிரிவினை வரும்போது வீடு யாருக்கு என்ற கேள்வியும் வரும். கட்டத் தொடங்கும் முன்பே தானசெட்டில்மெண்ட் எழுதிக்கொள்வது மலிவான காப்பு. தவணையில் இருவர் சம்பளமும் போகிறதென்றால் பத்திரத்திலும் இருவர் பெயரும் இருப்பதுதான் நியாயம்.

எது தாங்கும்

அப்படியானால் நம் தம்பதி வீடே கட்டக் கூடாதா? வட்டி அவர்கள் கையில் இல்லை, சம்பளம் ஓரளவுதான் அவர்கள் கையில். வீட்டின் அளவு முழுக்க அவர்கள் கையில் இருக்கிறது. அதைக் குறைத்துப் பார்ப்போம். 750 சதுர அடி, அதே விலையில் 18 லட்சம். காம்பவுண்டு, போர்வெல் வகைக்கு அதே 3.5 லட்சம்; அனுமதிக்கும் இணைப்புகளுக்கும் 1 லட்சம்; உள்வேலைக்கு 2 லட்சம்; பத்து சதவீதமாக 2.45 லட்சம், எளிய கிரகப்பிரவேசம் 1 லட்சம். மொத்தம் ஏறத்தாழ 28 லட்சம். சேமிப்பில் 2 லட்சத்தைத் தொடாமல் ஒதுக்கிவிட்டு 10 லட்சம் போட்டால், கடன் 18 லட்சம், தவணை 15,620.

இப்போது அதே சோதனைகள். சாதாரண மாதத்தில் மிஞ்சுவது 8,880. கட்டுமானத்தின் கடைசி மாதத்தில் வாடகையும் வட்டியும் சேர்ந்து 22,750. மிஞ்சும் 24,500க்குள் அடங்குகிறது. வட்டி 10.5 ஆனாலும் தவணை 17,970. கையில் 6,500 நிற்கும். ஒரு சம்பளம் நின்றால் மாதத் துண்டு 10,120. ஒதுக்கிய 2 லட்சம் ஒன்றரை ஆண்டுக்குமேல் தாங்கும். அஸ்திவாரத்தையும் தூண்களையும் முதல் தளத்துக்கு ஏற்ற வலுவில் போட்டுவைத்தால், பைக் கடன் முடிந்து சம்பளமும் உயர்ந்த பிறகு மேலே கட்டிக்கொள்ளலாம். அந்தக் கூடுதல் வலுவின் செலவை மட்டும் எஸ்டிமேட்டிலேயே கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகைக்கு இருப்பதே லாபம் என்று வாதிடுவோரும் உண்டு. நம் உதாரணத்தில் தொடக்க மாத வட்டியே வாடகையைவிட அதிகம் என்பதால், வெறும் எண்ணில் அந்த வாதம் பொய்யில்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லும் பயமில்லாத வாழ்வுக்கு ஒரு விலை கொடுக்கத் தம்பதி தயாராக இருந்தால் அதில் தவறுமில்லை. அந்த விலை எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

வங்கிக்குப் போகும் முன் கணவனும் மனைவியும் ஒரு நோட்டில் நான்கு எண்களை எழுதிப் பாருங்கள். சதுர அடி விலைக்கு வெளியே உள்ளதையும் சேர்த்த முழுச் செலவு. கடனில்லாத கைப்பணத்தில் ஆறு மாதத் தவணையை ஒதுக்கியது போக மீதி. வாடகையும் வட்டியும் சேர்ந்து ஓடும் மாதத்தின் கணக்கு. ஒரே சம்பளத்தில் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்பது. நான்கும் சரியாக வந்தால் தயங்காமல் கட்டுங்கள். ஒன்று சரியில்லை என்றாலும் சதுர அடியைக் குறையுங்கள், அல்லது இரண்டு வருடம் பொறுங்கள். வங்கி சொல்லும் தொகையை மட்டும் உங்கள் பட்ஜெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.